அடுக்கு ரோஜாவின் கணக்கு

காட்டு ரோஜாவுக்குப் பெரும்பாலும் ஐந்தே இதழ்கள். நடுவில் மஞ்சள் மகரந்தத்தாள்கள் கொத்தாக நிற்கும். பூக்கடை ரோஜாவிலோ இதழ்மேல் இதழாக அடுக்கு, தாள்கள் சொற்பம். அவை எங்கே போயின? பல இதழ்களாகவே மாறிவிட்டன.

பூவின் உறுப்புகள் யாவும் இலையின் மாற்றுருவங்களே என்று 1790இல் ஜெர்மன் கவிஞர் கதே எழுதினார். அதன் உள்விவரம் துலங்க 200 ஆண்டுகள் ஆயின. 1991இல் என்ரிகோ கோயனும் எலியட் மேயரோவிட்ஸும் முன்வைத்த ஏபிசி மாதிரியின் எளிமை இன்றும் சிலிர்க்க வைக்கிறது. மரபணுக்கள் மூன்று வகை. 'ஏ' மட்டும் இயங்கினால் புல்லிதழ். அதனுடன் 'பி' சேர்ந்தால் அல்லிதழ், அதாவது நாம் ரசிக்கும் வண்ண இதழ். 'பி'யும் 'சி'யும் கூடினால் மகரந்தத்தாள். 'சி' தனித்து இயங்கினால் சூலகம். 'ஏ'யும் 'சி'யும் ஒன்றையொன்று அண்டவிடாதவை. 'சி' பின்வாங்கினால் அந்த இடத்தை 'ஏ' பிடித்துக்கொள்ளும், தாள் வரவேண்டிய இடத்தில் இதழ் விரியும்.

ரோஜாவில் 'சி' அழியவில்லை. பூவின் மையத்தை நோக்கிச் சுருங்கியது, அவ்வளவுதான்.

இதில் பேரழகு ஒன்று உண்டு. சீனத்திலும் ஐரோப்பாவிலும் தோட்டக்காரர்கள் தனித்தனியே வளர்த்தெடுத்த ரோஜாக்கள் இரண்டிலும் இதே சுருக்கத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மரபணு என்ற கருத்தே பிறக்காத காலத்தில், கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்த செடியைப் பதியன்போட்டுக் காத்தவர்கள் செய்த தேர்வு அது.