மெட்டு நீண்டால் சொல் மாறும்
(குழந்தைப் பாடல் காணொளிகள் பற்றி ஒரு மதிப்பீடு)

"தாத்தா, மாலை மேல மேகம் உட்கார்ந்திருக்கு" என்றாள் என் நாலு வயதுப் பேத்தி. சாயங்காலத்தைப் பற்றி ஏதோ சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன். அவள் விரலோ படப்புத்தகத்தில் இருந்த மலையைக் காட்டிற்று. "அது மலைடா கண்ணு" என்றேன். "இல்ல தாத்தா, பாட்டுல மாலைன்னுதான் வருது" என்று ஒரே பிடிவாதம். கைபேசியை வாங்கிக் கேட்டேன். குழந்தை மேல் தப்பில்லை. ஆங்கில மெட்டு ஒன்றில் தமிழ்ச் சொற்களை நிரப்பியிருந்தார்கள். மெட்டு நீளும் இடத்தில் 'ம' அகப்பட்டுக்கொண்டு 'மா' ஆகிவிட்டது.

இது ஒரு பெரிய விஷயமா என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். அங்கே பால்காரரும் பக்கத்து வீட்டு அத்தையும் பள்ளிக்கூட ஆயாவும் பேசிப் பேசியே திருத்திவிடுவார்கள். தலைநகரில் வளரும் நம் குழந்தைகளுக்கு வாசலைத் தாண்டினால் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். வேலைக்குப் போகும் பெற்றோர் வீட்டில், காதில் விழும் தமிழில் பெரும்பங்கு காணொளிப் பாட்டாகவே இருக்கிறது. ஆகவே அதை ஒரு தமிழாசிரியர் என்றே வைத்து மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

இதன் வீச்சு சாதாரணமானதல்ல. கொரியாவின் பிங்க்ஃபாங் நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'பேபி ஷார்க்' 2020 நவம்பரில் யூடியூபில் மிக அதிகம் பார்க்கப்பட்ட காணொளி ஆயிற்று. 2022 ஜனவரியில் 1,000 கோடிப் பார்வைகளைத் தொட்ட முதல் காணொளியும் அதுவே. நம் சென்னையில் 2013இல் பிறந்த சூச்சூ டிவி ஆங்கிலப் பாட்டில் தொடங்கி உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. பிறகு தமிழிலும் பாடுகிறது. இப்படிப்பட்ட காணொளிகளின் நன்மைகளை நான் மறைக்கவில்லை. நிறம், எண், விலங்கு, பழம் இவற்றின் பெயர்களைப் படத்தோடு சேர்த்துப் பதிய வைக்கின்றன. பாட்டி இல்லாத வீட்டில் ஒரு தமிழ்க் குரலாவது ஒலிக்கிறது.

குறை எங்கே என்றால், கணக்கில். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பல் வேறு, பால் வேறு. படு வேறு, பாடு வேறு. விடு வேறு, வீடு வேறு. ஆங்கிலமோ அழுத்தத்தை நம்பி நடக்கும் மொழி. 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜேன் டெய்லர் எழுதிய சொற்கள் 1806இல் வெளிவந்தன. மெட்டு அதற்கும் முந்திய பிரெஞ்சு மெட்டு. அடிக்கு ஆறு சுரங்கள் ஒரே அளவில் நடந்து, ஏழாவது மட்டும் இரட்டிப்பாக நிற்கும். அந்த ஆறு கட்டங்களில் தமிழ் எழுத்துகளைக் கட்டத்துக்கு ஒன்றாக உட்கார வைத்தால் 'படு'வும் 'பாடு'வும் ஒரே ஒலியாகிவிடும். ஏழாவதில் குறில் வந்தால் அது நெடிலாகிவிடும். பேத்தியின் மலை மாலையானதும் இவ்விதமே.

"அப்போ வெளிநாட்டு மெட்டே கூடாதா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். அப்படிச் சொல்ல நான் யார்? முத்துசுவாமி தீட்சிதரே ஐரோப்பிய மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தவர். இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டும் அவற்றில் உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எட்வின் ஆர்னால்டின் நூலைத் தழுவி 'ஆசிய ஜோதி' தந்தார். ஆங்கிலத்திலிருந்து பொருளை எடுத்தார், நடையைத் தமிழிடம் விட்டார். அதனால் படிக்கையில் மொழிபெயர்ப்பு வாடையே வராது. கடன் வாங்குவதில் குற்றமில்லை. வாங்கிய சட்டைக்காகக் கையை வெட்டுவதுதான் குற்றம்.

இன்னொரு குறை, உடம்பை மறந்தது. பிள்ளைத்தமிழ் வகுத்த பருவங்களைப் பாருங்கள். ஒரு காலை மடக்கித் தலை நிமிர்ந்து ஆடும்போது செங்கீரை, கை கொட்டும்போது சப்பாணி, தளர்நடையில் வாரானை, நிலாவைக் காட்டி அழைக்க அம்புலி. பாட்டு குழந்தையின் வளர்ச்சியைப் பின்தொடர்ந்தது. நம் வீடுகளில் கை வீசவும் சாய்ந்தாடவும் பாடிய பாட்டுகளும் அந்த வம்சம்தான். பாட்டுக்கு ஏற்பக் குழந்தை அசைந்தது. காணொளியில் பொம்மை ஆடுகிறது, குழந்தை உட்கார்ந்திருக்கிறது.

இது கிழவனின் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் பாட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனையில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியை நேரில் பேசிக் காட்டியபோது அதன் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சைக் காணொளியில் காட்டியபோது பிடிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019இல், இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

இதையெல்லாம் வீட்டில் அடுக்கியபோது மருமகள் கேட்டாள்: "நீங்க சொல்றது சரி மாமா. ஆனா நான் ஆபீஸ்லேருந்து வந்து சமைக்கிற நேரத்துல அவளுக்கு யார் பாடறது?" நியாயமான கேள்வி. அதுவரை நான் பத்திரிகையும் கையுமாக உட்கார்ந்திருந்தவன்தானே! குற்றப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது.

ஆகையால் மூன்று காரியங்கள் செய்யலாம் என்று தோன்றுகிறது. ஒன்று, குழந்தைக்குப் போடும் முன் பாட்டின் சொற்களை மெட்டில்லாமல் பேசிப் பாருங்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் குறில் நெடில் முரண்பட்டால் வேறு பாட்டுக்குப் போங்கள். இரண்டு, அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' போன்ற நூல்களை வாங்கி வையுங்கள். பேச்சு நடையும் எதுகையும் கைகோத்துப் போகும் வரிகள் அவருடையவை. மூன்று, நம் சங்கப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பொங்கல் விழாவில் திரைப்பாட்டு நடனத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் கால் மணி தாத்தா பாட்டிகளுக்குக் கொடுங்கள். நெல்லையோ தஞ்சையோ கொங்கோ, அவரவர் ஊர்த் தாலாட்டையும் விளையாட்டுப் பாட்டையும் பாடட்டும்; பதிவு செய்து வைப்போம்.

எங்கள் வீட்டில் இப்போது சாயங்காலம் ஆறரை மணிக்குக் கைபேசி அலமாரிக்குப் போகிறது. என் குரல் அப்படியொன்றும் கேட்கத் தகுந்ததல்ல. பேத்தி பொறுத்துக்கொள்கிறாள். போன வாரம் நான் ஒரு சொல்லை இழுத்துப் பாடிவிட்டேன். "தாத்தா, அது மாலை இல்ல, மலை" என்று திருத்தினாள்.