பிறப்பும் குற்றமும்: ஆயிரம் பொற்கொல்லர் முதல் மலாக்காத் தோட்டப்புறம் வரை

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் பொற்கொல்லனின் வஞ்சகத்திலும் பாண்டியனின் ஆராயாமையிலும் நின்றுவிடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே ஊர்காவலரின் தயக்கம் ஒன்று வருகிறது. கோவலனை நேரில் கண்ட அவர்கள், அவனது உருவ இலக்கணத்தை நோக்கி, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். பொற்கொல்லன் அதற்கு விடையாகக் கோவலனைப் பற்றி எதையும் கூறவில்லை. கள்வர் என்னும் வகையினரைப் பற்றியே பேசுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டும் அவர்களுக்குத் துணை என்கிறான். களவு நூலையே மேற்கோள் காட்டுகிறான். பழைய களவுக் கதைகளையும் அடுக்குகிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் கல்வியறிவற்ற குடிவெறியன் ஒருவன் வாளை வீசுகிறான்.

இக்காட்சியில் இருதரப்பாரும் ஒரே வகையான தவற்றையே செய்கின்றனர் என்பது என் கருத்து. உடலை நோக்கி ஒருவனைக் குற்றமற்றவன் என்பதும், வகையை நோக்கி ஒருவனைக் குற்றவாளி என்பதும் விசாரணையைத் தவிர்க்கும் இரு வழிகளே. காவலரின் கணிப்பு இங்குச் சரியாக அமைந்தது தற்செயல். கோவலன் அழகற்றவனாக இருந்திருப்பின் அந்தத் தயக்கமும் நேர்ந்திராது.

இதனினும் நாம் விரைந்து கடந்துவிடும் செய்தி வேறொன்று உண்டு. பாண்டியனுக்குப் பின் ஆட்சிக்கு வந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குப் பலியாக ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்றான் என்பதை அக்காப்பியமே கூறுகிறது. ஒருவன் செய்த பழிக்கு அத்தொழிற்குலத்தார் ஆயிரவர் உயிர் கொடுத்தனர். விசாரணையின்றி ஓர் உயிர் போனதற்காக மதுரை எரிந்தது. விசாரணையின்றி ஆயிரம் உயிர் போனதற்கு மழை பெய்து நாடு செழித்தது. ஒரே நூலுக்குள் இவ்விரண்டும் இருப்பதைப் பாடநூல்கள் எழுப்பாத வினாவாகவே விட்டுவைத்துள்ளன.

குற்றத்திற்கு உயிரியல் காரணம் தேடும் கோட்பாடுகளை மதிப்பிட முற்படும் இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது. பிறப்பின் வழியாகக் குற்றத்தை ஒரு கூட்டத்தார் மீது ஏற்றுவதற்கு அறிவியல் தேவைப்படவில்லை. அறிவியல் பின்னர் வந்து அதற்கு ஆடை உடுத்தியது. இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ 'பிறவிக் குற்றவாளி' என்னும் கருத்துக்கு வித்திட்ட தம் நூலை வெளியிட்டது 1876இல். பிரித்தானிய இந்திய அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தை இயற்றியது அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1871இல். தச்சன் மகன் தச்சனாவது போலக் கள்வன் மகன் கள்வனாவான் என்னும் சாதித்தொழில் வாதமே அச்சட்டத்திற்கு அடிப்படை. மண்டையோட்டு அளவைகளும் மூக்கு அளவைகளும் பின்னர்ச் சேர்ந்தன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் அளந்து தொகுத்த ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி இச்சட்டம் சென்னை மாகாணத்திற்கும் வந்தது.

மதுரை வட்டாரத்தில் மக்கள் அதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். பதிவேட்டில் பெயரும் கைரேகையும் பதிந்து, இரவில் காவலர் முன் ஆஜராகி, ஊர் விட்டு ஊர் செல்லச் சீட்டு வாங்க வேண்டியிருந்த வாழ்க்கை அது. உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3ஆம் நாள், ரேகை பதிய மறுத்து நின்ற பிரமலைக் கள்ளர்கள் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் பதினாறு பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947லும் இந்தியா முழுமைக்கும் 1952லும் அச்சட்டம் நீங்கியது. 'சீர்மரபினர்' என்னும் அரசு வகைப்பாட்டில் அதன் நிழல் இன்றும் உண்டு.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) இவ்வரலாற்றின் முற்பகுதியைப் புனைவாக்கிய நாவல். 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் வலிமை, காவலும் களவும் ஒரே கைகளில் இருந்தன என்பதைக் காட்டுவதில் உள்ளது. ஊர்க்காவல் என்பது கூலியுடன் கூடிய ஓர் உரிமை. கும்பினிக் காவல்துறை அவ்வுரிமையைப் பறித்தபோது காவலர் மறைந்து கள்ளர் மட்டும் எஞ்சினர். குருதி மாறவில்லை, வருவாய் மாறிற்று. எனினும் களவின் நுட்பங்களை வியந்து வியந்து விவரிக்கும் பகுதிகளில், அத்திறன் பிறவியிலேயே வாய்த்தது என்னும் எண்ணம் கொல்லைப்புற வழியாக நாவலுக்குள் நுழைந்துவிடுகிறது. தர்ஸ்டன் இகழ்ச்சியாக எழுதியதை நாவலாசிரியர் பெருமையாக எழுதுகிறார். இரண்டிலும் பிறப்பே பேசுகிறது.

இந்தச் சென்னை மாகாணக் கதைக்கு மலாக்காவோடு உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது. இரப்பர்த் தோட்டங்களுக்கு முன்பே இந்தியக் கைதிகள் இங்கு வந்துவிட்டனர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு நாடு கடத்தப்பட்ட அவர்கள் சாலை அமைத்தனர், கட்டடங்கள் எழுப்பினர். சிங்கப்பூரின் தூய அந்திரேயா பேராலயம் அவர்களது உழைப்பில் எழுந்தது. அக்கைதிகளை மேற்பார்த்த மேக்நாயர் என்னும் அதிகாரி 1899இல் வெளியிட்ட நூலின் மையச் செய்தி, கைதிகளே கைதிகளுக்குக் காவலராக அமர்த்தப்பட்டனர் என்பதாகும். தொழில் கற்றுத் தேர்ந்தவர்கள், காவல் பொறுப்பேற்றவர்கள், விடுதலைக்குப் பின் இங்கேயே குடியேறியவர்கள் எனப் பலர் அவர்களுள் இருந்தனர். இந்த முறை 1873இல் முடிவுக்கு வந்தது. ஒரே பேரரசு, ஏறத்தாழ ஒரே காலத்தில், வங்கக் கடலின் ஒரு கரையில் குற்றம் பரம்பரையானது எனச் சட்டம் இயற்றியது. மறுகரையில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றவனிடமே சாவிக் கொத்தைக் கொடுத்தது. இம்முரண் அப்பேரரசை உறுத்தியதாகத் தெரியவில்லை.

பின்னர்த் தோட்டங்கள் வந்தன. 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் ஆசாஹானில் பெருந்தோட்டம் கண்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் லயங்கள் எழுந்தன. அக்காலத் தோட்டத் துரைமார் தென்னிந்தியத் தொழிலாளியை ஏன் விரும்பினர் என்பதை, மலாயா இந்தியரைப் பற்றிய கெர்னியல் சிங் சாந்துவின் 1969ஆம் ஆண்டு ஆய்வு விரிவாகக் காட்டுகிறது. பணிவானவன், அடங்கிப்போகிறவன், எதிர்த்துப் பேசாதவன் என்பதே தமிழனுக்கு அவர்கள் கொடுத்த நற்சான்று. அதுவும் இனத்தின் இயல்பாகவே கருதப்பட்டது. தோட்டத்தில் கூலிவேலை செய்ய வர மறுத்த மலாய்க்காரர் சோம்பேறி எனப்பட்டதைச் சையத் உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் கட்டுக்கதை என நிறுவியுள்ளார். சோம்பேறி மலாய்க்காரர், பணிவான தமிழர் ஆகிய இரு படிமங்களும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள். தோட்டத்திற்குள் கள்ளுக்கடையை அனுமதித்தவர்களே தமிழரின் குடிப்பழக்கத்தை இனக்குணம் என்றும் எழுதினர் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இனி இதன் அருகில் மற்றொரு செய்தியை வைத்துப் பார்ப்போம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. உறுப்பினராகக் கணக்கிடப்பட்ட நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருள் இந்தியர் எழுபது விழுக்காட்டிற்கும் அதிகம் எனப்பட்டது. நாட்டின் மக்கள் தொகையில் அப்போது இந்தியர் ஏறத்தாழ ஏழு விழுக்காடு. அவ்வெண் நம் சமூகத்திற்குள் ஏற்படுத்திய நாணமும் சினமும் இயல்பானவை. ஆனால் ஆசிரியர் அறைகளிலும் கோயில் மண்டபங்களிலும் அதற்குக் கிடைத்த விளக்கம் 'இரத்தத்திலேயே ஊறியது' என்பதாக இருந்தது கவலைக்குரியது. அமைச்சு தந்தது தொகைதான். பரம்பரை என்னும் காரணத்தை அதற்குச் சேர்த்தவர்கள் நாமே.

நூறாண்டுகளுக்கு முன் பணிவு என்று கணிக்கப்பட்ட அதே குருதி, கொள்ளுப்பேரன் காலத்தில் வன்முறை என்று கணிக்கப்படுகிறது. மூன்று நான்கு தலைமுறைக்குள் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணுத் தொகுதி அவ்வாறு தலைகீழாக மாற வழியில்லை. மாறியது எது? 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், 1969க்குப் பின் குடியுரிமையற்ற தொழிலாளர்க்கு வந்த வேலை அனுமதிச் சட்டமும், இரப்பர் செம்பனையானதும், பின்னர்த் தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களானதும் நாம் அறிந்தவையே. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாகவே பிணைந்திருந்தன. வேலை போன நாளில் லயமும் போயிற்று. லயத்தோடு கோயிலும், பந்து விளையாடிய திடலும், பிள்ளைகளைக் கண்டிக்கும் உரிமை பெற்றிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர்களும் போயினர். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' துண்டாடலின் துயரைப் பதிவு செய்தது. நகர்ப்புற மலிவு அடுக்ககத்தில் வளர்ந்த அடுத்த தலைமுறையின் கதையை அந்த அளவிற்கு விரித்துரைத்த தமிழ் நாவல்கள் மிகச் சிலவே.

இதனால் உயிரியலைப் புறந்தள்ளிவிடலாம் என்பது பொருளன்று. நம்மவர் சிலர் மரபணு என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே இனவாதம் என்று ஒதுக்குகின்றனர். அது ஆய்வு நெறி ஆகாது. 1993இல் நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் மூளையின் வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதி ஒன்று செயலிழந்திருந்ததும், அவ்வாடவரிடம் கட்டுக்கடங்காச் சினம் காணப்பட்டதும் பதிவாயின. ஆனால் அது மிக அரிய குறைபாடு. 2002இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில், பிறப்பு முதல் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளைக் கொண்ட ஆய்வு மேலும் நுட்பமானது. அந்நொதியைக் குறைவாகச் சுரக்கும் மரபணு வடிவம் உடைய ஆண்பிள்ளைகளுள், இளமையில் கொடுமைக்கு ஆளானவர்களிடமே பிற்காலச் சமூக விரோதச் செயல்கள் மிகுந்திருந்தன. கொடுமைக்கு ஆளாகாதவர்களிடம் அம்மரபணு அத்தகைய விளைவை ஏற்படுத்தவில்லை. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இம்முடிவை ஒரே உறுதியோடு வழிமொழியவில்லை என்பதும் உண்மை. எனினும் அது சுட்டும் கொள்கை வழி தெளிவானது: மாற்றக்கூடியது மரபணு அன்று, குழந்தையின் வீடு. அதே நாட்டில் 2006இல், அம்மரபணு வடிவம் மாவோரி மக்களிடம் மிகுதி என்ற செய்தி 'போர்வீர மரபணு' என்னும் தலைப்புச் சொல்லாகப் பரவியபோது, தனியாள் பற்றிய ஆய்வு ஒரே பாய்ச்சலில் இனத்தின் மீது ஏறிக்கொண்டது. ஆயிரம் பொற்கொல்லர் கதை ஆய்வுக்கூடத்திற்கும் வந்துவிட்டது எனலாம்.

பொதுக்கொள்கையைப் பொறுத்தவரை நம் நாட்டுச் சட்டங்கள் குலத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. குற்றப் பழங்குடிகள் சட்டத்திலிருந்து அவற்றை வேறுபடுத்தும் இந்த அடிப்படையை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டம் விசாரணையற்ற தடுப்புக் காவலுக்கு இடம் தந்தது. அது 2011இல் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்ட பின், 1959ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் 2013இல் திருத்தப்பட்டு, ஒரு வாரியத்தின் ஆணையால் ஈராண்டு வரை தடுத்துவைக்கும் அதிகாரம் அதில் சேர்ந்தது. பதிவேடு, வசிப்பிடக் கட்டுப்பாடு, கண்காணிப்பு ஆகியன அச்சட்டத்தின் கருவிகள். உசிலம்பட்டியின் முதியவர் எவரும் அக்கருவிகளை உடனே அடையாளம் கண்டுகொள்வார். நீதிமன்றம் தனியொருவன் செய்த செயலை ஆராய்கிறது. அந்த ஆராய்ச்சி விலகும் இடத்தில் 'இவன் எப்படிப்பட்டவன்' என்ற கேள்வி வந்து அமர்கிறது. அக்கேள்விக்கு எண்ணிக்கையும் இனமும் விரைந்து விடை தந்துவிடும். 2009ஆம் ஆண்டின் மரபணு அடையாளச் சட்டம் குற்றம் நடந்த இடத்துத் தடயத்தைத் தனியாளோடு பொருத்துவதற்கானது. அவ்வளவில் அது ஆராய்தலுக்கே துணை. அத்தரவினை ஒரு கூட்டத்தாரின் இயல்பைப் படிக்கப் பயன்படுத்த எவரேனும் முற்பட்டால் நிலைமை வேறாகும்.

மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காதையை நாம் பெரும்பாலும் கருணைக் கதையாகவே நடத்துகிறோம். அதில் ஒரு கொள்கை ஒழுங்கும் உண்டு. அவள் சிறைக்குள் நுழைந்து கைதிகளிடம் குலம் கேட்கவில்லை, குற்றமும் கேட்கவில்லை. பசியைக் கண்டு உணவிட்டாள். மன்னனிடம் வேண்டியது அதற்குப் பின்னர்தான். பசியைப் பிணி என்று அழைத்த காப்பியம் அது. உடலைப் பற்றிய விளக்கம் ஒன்று அறத்தோடு இணைவதற்குத் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்று.

மலாக்காவில் இதனை ஆய்வாக்கும் வழி எளியது. இதுவரை போதிய அளவு செய்யப்படவில்லை. கைதானோர் எண்ணிக்கையை இனவாரியாகப் பிரிப்பதோடு நிறுத்தாமல், எத்தோட்டத்திலிருந்து எந்த ஆண்டில் குடும்பம் வெளியேறியது, மாற்று வீடு கிடைத்ததா, பிள்ளை எந்த வகுப்போடு பள்ளியை விட்டான் என்பனவற்றோடு அதனைப் பொருத்திப் பார்க்க வேண்டும். காவல்துறையிடமும் அமைச்சிடமும் இத்தரவுகள் ஒருசேர இருக்க வாய்ப்பில்லை. தெபோங், ஆசாஹான், மெர்லிமாவ் போன்ற இடங்களில், ஒரு தோட்டம் மூடப்பட்ட ஆண்டில் முதலாம் வகுப்பில் எத்தனை பெயர் குறைந்தது என்பதைக் காட்டக்கூடிய சேர்க்கைப் பதிவேடுகளைக் கையாள்வோர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே.