அணுவா, ஒரே தம்மா?

எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதிக்கு ஒருமுறை 'மெம்பர்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழ் தேவைப்பட்டது. என்னென்னவோ யோசித்துப் பார்த்தார். எதுவும் சரியாக உட்காரவில்லை. கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டு, இன்னும் நிதானமாக யோசித்துப் பிறகு சொல்கிறேன் என்று நகர்ந்துவிட்டார். தப்பான தமிழைவிட அன்னிய வார்த்தையே மேல் என்கிற அந்த நேர்மை, கம்ப்யூட்டர் கலைச்சொல் செய்கிறவர்களுக்கும் வேண்டும்.

'அட்டாமிக்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். புரோகிராமிங்கில் 'அட்டாமிக் ஆபரேஷன்' என்று ஒன்று உண்டு. இதை 'அணுச் செயல்பாடு' என்று எழுதினால் படிக்கிறவருக்குக் கூடங்குளம்தான் ஞாபகம் வரும். கிரேக்க மூலத்தில் அர்த்தம் 'வெட்ட முடியாதது'. நம் அணுவோ ரொம்பச் சின்னது, அவ்வளவுதான். இங்கே சின்னதா பெரியதா என்பது விஷயமே இல்லை. நடுவில் யாரும் புக முடியாது என்பதுதான் விஷயம்.

காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொல்கிறேன். ஒரு கணக்கில் 1,000 ரூபாய் இருக்கிறது. ஒரே லெட்ஜரில் இரண்டு கிளார்க்குகள் வேலை செய்கிறார்கள். ஒருவர் கையில் 500 ரூபாய் வரவு, மற்றவர் கையில் 200. இருவரும் ஒரே சமயத்தில் பழைய பாக்கியைப் பார்க்கிறார்கள். முதல் ஆள் 1,500 என்று எழுதுகிறார். இரண்டாவது ஆள் அதை அடித்துவிட்டு 1,200 என்று எழுதுகிறார். 500 ரூபாய் காணோம்! யாரும் திருடவில்லை, கூட்டலிலும் தப்பில்லை.

கம்ப்யூட்டரிலும் கூட்டல் என்பது எடு, கூட்டு, திருப்பி வை என்று மூன்று வேலை. சி, ஜாவா மொழிகளில் பிளஸ் பிளஸ் என்று இரண்டே குறியில் இதை எழுதிவிடலாம். பார்க்க ஒரே வேலை மாதிரி இருக்கும். (அந்தக் குறி மேலும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.) பாதியில் இன்னொரு 'த்ரெட்' புகுந்தால் கணக்கு கோவிந்தா. ஆயிரம் தடவை சரியாக வரும், ஆயிரத்து ஒன்றாவது தடவை உதைக்கும். டெஸ்ட் பண்ணும்போது அகப்படாது.

விளையாட்டில்லை. தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு மெஷின், 1985-க்கும் 87-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 6 பேருக்கு எக்கச்சக்க டோஸ் கொடுத்தது. சிலர் இறந்தே போனார்கள். நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-ல் எழுதிய கட்டுரை பல கோளாறுகளைக் காட்டியது. அதில் ஒன்று, பொதுவான ஒரு மதிப்பைச் சோதிப்பதும் மாற்றுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இல்லாதது.

மருந்து சிப்பிலேயே இருக்கிறது. மூன்று வேலையும் முடிகிற வரை அந்த மெமரி இடத்தை வேறு யாரும் தொட முடியாமல் பிராசஸர் பிடித்துக்கொள்ளும். 2004-ல் வந்த ஜாவா 5-ல் 'அட்டாமிக் இன்டிஜர்' என்று இதற்கென்றே ஒரு வகை சேர்த்தார்கள்.

தமிழில் இதை 'ஒரே தம்' என்று சொல்லிப் பாருங்கள். தூத்துக்குடிக் கடலில் அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர் மூச்சைப் பிடித்து முங்கி, சிப்பி பொறுக்கி, மேலே வருவார். நடுவில் மூச்சு விட வழியில்லை. தம் உருது வார்த்தையாச்சே என்பீர்கள். இருக்கட்டும், அர்த்தம் சரியாக இருக்கிறது.

சரியான வார்த்தை அடுத்த சிக்கலுக்கும் உதவும். எட்டயபுரத்துக்காரர் சென்னைக்குப் போகக் கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறுவார். தட்கலில் ஒரே பெர்த் பாக்கி என்று வையுங்கள். 'இருக்கிறதா?' என்று பார்ப்பது ஒரு தம், ஒன்றைக் கழிப்பது இன்னொரு தம் என்று புரோகிராம் எழுதினால், இரண்டுக்கும் நடுவில் இன்னொருவரும் 'இருக்கிறது' என்று பார்த்துவிடுவார். தனித்தனியாக இரண்டுமே அட்டாமிக்தான், இருந்தும் பிரயோஜனமில்லை. ஒரே பெர்த்துக்கு இரண்டு டிக்கெட்டோடு இரண்டு பேர் ராத்திரியில் நின்றுகொண்டிருப்பார்கள், டி.டி.ஆர். வருகிற வரை.