ஆளு, மச்சான், அத்தான்

சங்க அகப்பாடல்களில் காதலர்களுக்குப் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, அவ்வளவுதான். பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் மாலையில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் அந்த விதி இன்னும் செல்லுபடியாவது தெரியும். ‘என் ஆளு ஃபோனே எடுக்கல’ என்பாள் ஒருத்தி. ஆள் யாரென்று தோழிக்குத் தெரியும், போதும்.

இடையில் நெடுங்காலம் பெயர் சொல்லாமல் சுட்டும் இந்த வேலையை உறவுமுறைச் சொற்கள் பார்த்தன. திராவிட உறவுமுறைச் சொற்களின் அமைப்பே அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தைச் சுற்றி எழுந்தது என்று மானிடவியலாளர் தாமஸ் டிரவுட்மன் 1981இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக வாதிட்டார். அத்தான், மாமா, மச்சான் எல்லாம் ‘இவனைக் கட்டிக்கலாம்’ என்று குடும்பம் முன்கூட்டியே தந்த சம்மதங்கள். ஐம்பது, அறுபதுகளின் சினிமாவில் முறையே இல்லாத நாயகனும் அத்தான் ஆனான். காதலை மரியாதையாகச் சொல்ல நாயகியிடம் வேறென்ன இருந்தது?

காதல் சொந்தத்தைத் தாண்டி காலேஜுக்கும் ஆபீசுக்கும் போனபோது அந்தச் சொற்கள் ஒட்டவில்லை. பையன்கள் தங்களுக்குள் ஃபிகர் என்றார்கள், பிட்டு என்றார்கள். சைட் அடித்தார்கள், ரூட் விட்டார்கள், டாவடித்தார்கள், ஜொள்ளு விட்டார்கள். சம்பந்தப்பட்ட பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியது இவற்றில் ஒன்றுகூட இல்லை. எனக்கு இந்த வகை அலுத்துவிட்டது. பழைய உறவுச் சொற்களோ வேறு வேலைக்குப் போய்விட்டன. ஊரூர் குப்பமோ ஐ.ஐ.டி. ஹாஸ்டலோ, மச்சான் என்றால் நண்பன். மாமாவின் கதிதான் பரிதாபம்: சென்னைப் பேச்சில் அவர் போலீஸ்காரர், அதைவிட மோசமாகத் தரகர்.

உறவுச் சொல் இடம் மாறுவது இங்கே மட்டுமல்ல. ஸ்பெயினில் மனைவியைக் கொச்சையாக ‘பரியெந்தா’ என்பார்கள், சொந்தக்காரி என்று பொருள். அங்கே அது கணவனின் கிண்டல். இங்கே மனைவி பல வீடுகளில் நிஜமாகவே சொந்தக்காரி. சிலியில் காதலன் ‘பொலோலோ’, மாபுச்சே மொழியிலிருந்து வந்த ஒரு வண்டின் பெயர். ‘அவ பின்னாடியே சுத்துறான்’ என்று பேசுகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

மீண்டும் ஆளுக்கு வருவோம். அது இருபாலுக்கும் பொது. ஆனால் அப்பாவிச் சொல் அல்ல. 1988இல் பாக்யராஜ் நடித்த ‘இது நம்ம ஆளு’ சாதியை மறைத்து பிராமண வீட்டில் பெண்ணெடுப்பவனின் கதை; ‘நம்ம ஆளா?’ என்ற விசாரிப்பு தலைப்பிலேயே ஒளிந்திருக்கிறது. 2016இல் அதே தலைப்பில் பாண்டிராஜ் எடுத்த சிம்பு, நயன்தாரா படம் ஒரு ஐ.டி. காலத்துக் காதல் கதை. இடைப்பட்ட காலத்தில் சாதிக்காரர் காதலராக மாறிவிட்டார் என்று சந்தோஷப்படலாம். சம்பந்தம் பேசும் வீடுகளில் பழைய பொருளும் சௌக்கியமாகவே இருக்கிறது.

இப்போது என்னை ஈர்ப்பது பெயரைவிட விகுதி. ‘சாப்டியாடா?’ என்று காதலன் காதலியைக் கேட்கிறான். ஆண்பால் ‘டா’ பெண்ணுக்குச் செல்லமாகிறது. ‘டி’ போட்டால் உரிமை என்பாரும் உண்டு, முறைப்பாரும் உண்டு. அவளும் ‘டா’ போட்டே பதில் சொல்கிறாள். கல்யாணமானதும் ஊர் முன்னால் அது ‘என்னங்க’ ஆகும். மயிலாப்பூர்ப் பக்கம் ஆத்துக்காரர், மற்ற இடங்களில் வீட்டுக்காரர். மாமியார் கோயிலுக்குக் கிளம்பியதும் ‘டா’ திரும்பிவிடும்.