இளஞ்சிவப்புக் கோபுரம்

பத்து மரக்கனங்கள். மிகச் சிறியதன் பக்கம் 1 சென்டிமீட்டர், மிகப் பெரியதற்கு 10. நிறம் ஒன்றே, மாறுவது அளவு மட்டும். ஆகவே குழந்தையின் கண்ணும் கையும் அளவையே நாடுகின்றன. அடுக்கு பிசகினால் பார்த்ததுமே தெரிந்துவிடும். யாரும் திருத்த வேண்டியதில்லை.

இந்தக் கோபுரத்தை வகுத்தவர் மரியா மாண்டிசோரி. மருத்துவராகத் தொடங்கிய அவர் 1907இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

அவர் வழியில் ஆசிரியர் கனங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதிகம் பேசாமல் நிதானமாக அடுக்கிக் காட்டுவார்; பிறகு விலகி அமர்ந்து கவனிப்பார். உதவத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்வது எளிதல்ல. அந்தப் பொறுமையை வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்கள் என் வணக்கத்துக்குரியவர்கள்.