ஒரு ரூபாய்ச் சம்பளமும் இரண்டரை ஏக்கரும்

1991இல் முதல்வரான ஜெயலலிதா மாதம் ஒரு ரூபாய்தான் சம்பளம் வாங்கினார். தியாகம் என்றார்கள். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் தாண்டித் திருப்போரூர்ப் பக்கம் போனால் சிறுதாவூர். 1967இல் அண்ணா ஆட்சி அங்கே இருபது தலித் குடும்பங்களுக்குத் தலா இரண்டரை ஏக்கர் கொடுத்தது. அதை வளைச்சுட்டாங்க என்று புகார். அதே ஊர்ப் பங்களாவில் வந்து தங்கியவர் இந்த அம்மையார். பங்களா என்னுடையதல்ல என்றார். சரி, இல்லையென்றே இருக்கட்டும். நம்ம சனங்க நிலத்தை மீட்டுக் கொடுக்கும் அதிகாரம் கையில் இருந்ததே, அதை எதற்குச் செலவழித்தார்? 1995இல் வளர்ப்பு மகன் கல்யாணத்தை ஊரே வாய்பிளந்து பார்த்தது. எதிர்த்தரப்பு மட்டும் என்ன? 2006இல் கருணாநிதி அரசு நீதிபதி சிவசுப்பிரமணியம் கமிஷனைப் போட்டது. அறிக்கை வர 2010 ஆச்சு. மறுவருசம் தேர்தல்; அம்மையார் மறுபடி முதல்வர்.