ஆண்டு முழுக்க அறுவடை என்னும் பெருமை

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஒரு பேச்சு வலுத்திருக்கிறது. பன்னிரண்டு மாதமும் அறுவடை தரும் பள்ளத்தாக்கு, மலைக்காற்று வேறு வீசுகிறது, ஒயின் தொழிலுக்கு இதைவிடத் தோதான இடம் ஏது என்கிறார்கள். குறியீடு நியாயமானது. அந்த மணத்துக்கு ஈடில்லை. இரண்டு ஏக்கர் பந்தலை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களுக்குக் கைகொடுத்ததும் இந்த ஓயாத விளைச்சல்தான். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்தக் கொடியைக் கொண்டுவந்தார் என்ற கதையை மட்டும் நம்புவதற்கில்லை. பன்னீர் திராட்சை என்று நாம் சொல்லும் மஸ்கட் ஹாம்பர்க் ரகமே இங்கிலாந்தில் சீவர்ட் ஸ்னோ என்பவர் 1850 வாக்கில் கலப்புச் செய்து உருவாக்கியது.

என் மறுப்பெல்லாம் அந்தப் பன்னிரண்டு மாதத்தின் மீதுதான்.

பண்ணைப்புரத்திலிருந்து கோம்பைப் பக்கம் போகும்போது தோட்டங்களைக் கவனியுங்கள். ஒரு பந்தல் கவாத்து முடிந்து மொட்டையாக நிற்கும், வெட்டுவாயில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அடுத்ததில் பூ. அதற்கும் அடுத்ததில் வெட்டு நடக்கும். வெட்டிய குலை ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தால் கருத்த பழங்களுக்கு நடுவே செங்காய் நாலைந்து, உள்காம்பை ஒட்டிப் பச்சையாக ஒன்றிரண்டு. விலை ஏறியிருந்தால் வியாபாரி பொறுக்கமாட்டார். மேகம் கூடினால் விவசாயியும் பொறுக்கமாட்டார், பழம் வெடித்துவிடும். கவாத்திலிருந்து ஏறத்தாழ 120 நாளில் வெட்டு. அந்த 120 நாள் எந்தப் பருவத்தில் விழுந்தது என்று கேட்பாரில்லை.

ஒயினுக்கு அந்தக் கேள்விதான் அடிப்படை. பழுக்கும் கடைசி வாரங்களில் இரவும் வெக்கையாக இருந்தால் பழத்திலுள்ள மாலிக் அமிலம் கரைந்துபோகும், தோலில் நிறமும் சரியாக ஏறாது. புளிப்பு குறைந்த சாறு நொதித்தால் ஒயின் சப்பென்று இருக்கும், சீக்கிரம் கெடும். அதற்குப் பயந்து முன்னதாக வெட்டினால் புளிப்பு மிஞ்சும், சர்க்கரையும் பன்னீர் மணமும் சேராது. சர்க்கரையைக் கொட்டி அமிலத்தைக் கலந்து சரிக்கட்டலாம்தான். அப்படிச் சரிக்கட்டிய புட்டிக்குள் கம்பம் எங்கே இருக்கிறது?

மலைக்காற்றும் இதற்குப் பதிலாகாது. கம்பம் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தை ஒட்டிய ஊர், ஆண்டு முழுக்க இரவைக் குளிர்விக்கும் உயரமல்ல அது. இங்கிலாந்தின் தென்கடற்கரையில், சசெக்ஸ் தோட்டங்களில், பழம் இனிப்பேற வேண்டுமே என்று அக்டோபர் வரை காத்துக்கிடக்கிறார்கள். குளிரில் போகாமல் நிற்கும் புளிப்பிலிருந்துதான் அவர்களுடைய நுரைக்கும் ஒயின் பிறக்கிறது. அது நமக்கு வாய்க்காது.

நாசிக் செய்தது வாய்க்கும். அங்கும் கொடி உறங்குவதில்லை, ஆண்டுக்கு இரண்டு கவாத்து உண்டு. ஆனால் ஏப்ரல் கவாத்து கிளை வளர்க்க மட்டுமே. செப்டம்பர், அக்டோபர் கவாத்தில்தான் காய் எடுக்கிறார்கள். இரவு குளிரும் ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் வெட்டி முடிக்கிறார்கள். ஒரே போகம். தாய்லாந்தில் ஹுவா ஹின் பகுதியின் மலைப்பக்கத்தில் இருக்கும் மான்சூன் வேலி தோட்டமும் நம்மைப் போல வெப்பமண்டலம்தான். அங்கும் மழையில்லாத மாதங்களைப் பார்த்தே அறுவடை.

நம் பக்கம் இதற்கு வழி ஐப்பசிக் கவாத்து, மாசி வெட்டு. ஏன் ஒயினுக்காக யாரும் அப்படித் திட்டமிடுவதில்லை என்பதும் தெரிந்ததே. அடைமழையில் தளிரைச் செவட்டை நோய் தாக்கும், மருந்துச் செலவு எகிறும், அடுத்த போகத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும். இத்தனையையும் விவசாயி தலையில் கட்டிவிட்டு ஒயின் பெருமை பேசுவது அநியாயம். ஆலைக்காரர் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு, எடைக்குப் பதிலாகச் சர்க்கரைக்கும் புளிப்புக்கும் விலை தரட்டும், விட்டுக்கொடுத்த போகத்துக்கும் சேர்த்து. சந்தை விழுந்த நாளில் மிஞ்சிய பழத்தை அள்ளி நொதிக்கவைத்துவிட்டு அதன்மேல் குறியீட்டை ஒட்டினால், இத்தனை காலம் சேர்த்த பன்னீர் திராட்சையின் பேர்தான் கெடும். ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஐப்பசிக் கவாத்துக்கென்று நாலு பந்தலை ஒதுக்கி, மூன்று மாசி வெட்டைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு புதிய ஆலைக்கு இடம் தேடட்டும்.